ட்ரொலியும் வண்டும்

வணக்கம் அண்ணா,

அறிவியல் நகரில் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் வார்ட்டுக்குள் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோக ஒரு நடமாடும் ரோபோ செய்ய யோசிக்கிறேன். "வேலையில்லாத சனத்துக்கு நடுவில் இது என்ன விளையாட்டு?" என்கிறார் மாமா. உங்கள் கருத்து என்ன?

ஒரு மாணவி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

மாமா கேட்டதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் 2021இல் அவர் எங்கள் ஒழுங்கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். கொரோனா வார்ட்டில் சாப்பாட்டு ட்ரொலி தள்ளுவதும் ஊத்தைத் துணி மூட்டை கட்டுவதும் அவருடைய வேலை. அவர் வீட்டுக் கிணற்றடிக்கு ஒருவரும் போகவில்லை. கடைக்காரர் மிச்சக் காசைத் தகர மூடியில் வைத்துத் தடியால் தள்ளிவிட்டார்.

அந்தச் சாப்பாட்டு வேலையைத்தான் 2020 ஏப்ரலில் கேரளாவின் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கர்மிபொட் என்ற ரோபோ செய்தது. அதன் திரையில் நோயாளி டொக்டரோடு கதைக்கவும் முடிந்தது.

ஆளே தேவையில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். டென்மார்க்கில் செய்த புறஊதா விளக்கு ரோபோக்கள் பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. அந்த வெளிச்சம் பட்ட இடத்தில்தான் கிருமி சாகும். கட்டிலுக்குக் கீழே நிழல். முதலில் ஒருவர் துடைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும், அந்த வெளிச்சம் கண்ணுக்கும் தோலுக்கும் கூடாது. எங்கள் ஊரில் கண்ணிவெடி அகற்றும் காணிகளில் இது மறுவளம்: மெஷின் முன்னால் கிண்டிப் போகும், பின்னால் பெண்பிள்ளைகள் முழங்காலில் இருந்து சுரண்டுவார்கள். ரோபோவைக் காட்டிச் சிற்றூழியர் வெற்றிடங்களை நிரப்பாமல் விட்டால் நானும் மாமாவின் பக்கம்தான்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். 2020 மேயில் சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் ஸ்பொட் என்ற நாலுகால் ரோபோவை நடக்கவிட்டார்கள். தள்ளி நில்லுங்கள் என்று பதிவுசெய்த குரலில் சொல்லும். கமராவால் எத்தனை பேர் என்று பார்க்கும், யார் என்று பார்க்காது என்றார்கள். சரி. ஆனால் சண்டைக் காலத்தில் வேவு விமானத்துக்கு வண்டு என்று பேர் வைத்து, அது இரைந்தாலே பங்கருக்குள் ஓடிய சனம் இது. புதுக்குடியிருப்புச் சந்தையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் முதல் நாளே கல்லெறி விழும். எறிகிறவரை நான் பிழை சொல்ல மாட்டேன். உங்கள் ரோபோ சாப்பாடு கொண்டுபோகட்டும். கமரா வழி பார்க்க மட்டும் இருக்கட்டும், ஆள் பார்க்க வேண்டாம்.

அப்புறம், ஆய்வகத் தரையை நம்பாதீர்கள். ரோபோ வழி பார்க்க ஒரே மட்டத்தில் சுற்றும் லேசருக்கு அந்த மட்டத்துக்குக் கீழே கிடப்பது தெரியாது. கதவடிப் படி, ஒக்சிசன் குழாய், விறாந்தையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும் நாய், எல்லாம் அதற்குக் கீழேதான். ஒருநாள் அந்த அக்காவோடு போய் ட்ரொலி தள்ளிப் பாருங்கள், கேட்டுச் சொல்கிறேன். முன் சில்லு ஒன்று இப்போதும் இடப்பக்கம் இழுக்கிறதாம்.