செருப்பு, ஹீல்ஸ், அடக்கம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: அக்கா, ஹீல்ஸ் போட்டா அடக்கமில்லாதவன்னு எங்க அத்தை சொல்றாங்க. நிஜமாவா?

பதில்: இல்லவே இல்லமா. குதிகால் வச்ச செருப்பைப் போட்டு பிரபலமாக்கினதே ஆம்பளைங்கதான். பாரசீகக் குதிரை வீரர்களுக்கு அங்கவடியில (சேணத்துல கால் வைக்கிற வளையம்) கால் வழுக்காம நிக்க அது உதவுச்சு, அப்புறம் 1600 வாக்குல ஐரோப்பாவுக்குப் போயி பிரபுக்களோட ஃபேஷன் ஆயிடுச்சு, பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி சிவப்புக் குதிகால் போட்டு ஓவியத்துக்கே நின்னிருக்கார். அவருக்கு அது கம்பீரம்னா உங்களுக்கு மட்டும் எப்படி குணக்கேடு ஆகும்?

கேள்வி: நான் முஸ்லிம் பொண்ணு. பாதம் தெரியுற செருப்பு போடலாமா? சத்தம் வர்ற ஹீல்ஸ்?

பதில்: பாதம் விஷயத்துல மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவுக்குப் பிரிவு, வித்தியாசம் இருக்குமா. ஹனஃபி அறிஞர்கள் பலர் பாதத்தை மறைக்கணும்னு கட்டாயப்படுத்தல, ஷாஃபியில மறைக்கணும்னு சொல்றாங்க, அதனால நீங்க எதைப் பின்பத்துறீங்களோ அந்தப் பிரிவு ஆலிம்கிட்ட (மார்க்க அறிஞர்) கேட்டுக்கோங்க. சத்தத்தைப் பத்தி குர்ஆன் 24:31ல வருது, மறைச்சிருக்கிற அலங்காரம் தெரியணும்னு காலைத் தட்டி நடக்க வேணாம்னு. பைபிள்லயும் ஏசாயா 3:16ல கால் நகை ஒலிக்க நடக்கிறதைக் கண்டிச்சு வருது. ரெண்டுலயும் கவனத்தை இழுக்கணும்ங்கிற எண்ணத்தைத்தான் சொல்லியிருக்குன்னு நான் எடுத்துக்கிறேன். டக் டக் சத்தம் உங்களுக்கே சங்கடமா இருந்தா குதிகால் அடியில ரப்பர் ஒட்டச் சொல்லுங்க, செருப்பு தைக்கிறவர் சீக்கிரமே போட்டுத் தந்துடுவார்.

கேள்வி: அடக்கமா இருக்கட்டும்னு எப்பவும் மூடின, முன்னாடி கூரான ஷூதான் போடுறேன். இப்ப பெருவிரல் பக்கம் எலும்பு புடைச்சு வலிக்குது.

பதில்: இதைப் படிச்சதும் கஷ்டமா இருந்துச்சுமா. மூடி இருக்கிறது தப்பில்ல, கூரா இருக்கிறதுதான் பிரச்சனை. விரல்களை நெருக்கி நெருக்கி பெருவிரலை மத்த விரல்கள் பக்கமா தள்ளி அந்தப் புடைப்பை மோசமாக்கிடும், அதுல ஹீல்ஸும் சேர்ந்தா உடம்பு பாரம் அதிகமா முன்பாதத்துல இறங்கும், வருஷக்கணக்கா போட்டா கெண்டைக்கால் தசையும் சுருங்கிடும். முன்பக்கம் அகலமா, மூடினதா, தட்டையா நிறைய ஷூ கிடைக்குது. சாயங்காலமா போய் அளவு பாருங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எழுந்து நின்னு பாக்கும்போது நீளமான விரலுக்கு முன்னாடி கை கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். வலி விடலைன்னா டாக்டரைப் பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: ஆபீஸ்ல ஹீல்ஸ் போட்டே ஆகணும்ங்கிறாங்க. எனக்குப் பிடிக்கல.

பதில்: வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கணும். லண்டன்ல ஹீல்ஸ் போட மாட்டேன்னதுக்காக வேலையிலேருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நிக்கோலா தார்ப் 2016ல மனு போட்டு ஒன்றரை லட்சம் கையெழுத்துக்கு மேல வந்துச்சு, 2017ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு விதியே மாத்தினாங்க, 2019ல ஜப்பான்ல யூமி இஷிகாவாவும் இதுக்காகப் போராடினாங்க. முதல்ல எச்ஆர்க்கு எழுத்துல கேளுங்க, கால் வலின்னா டாக்டர் லெட்டரும் சேர்த்துக் கொடுங்க.

கேள்வி: தங்கச்சி போடுற செருப்பு எனக்குப் பிடிக்கல, எப்படி எடுத்துச் சொல்றது?

பதில்: சொல்லாதீங்க தம்பி. கால் அவளோடது. கடிக்குதா, சைஸ் சரியா இருக்கான்னு வேணா கேளுங்க.