பக்கத்து வீட்டில் தெரிகிற மேட்ச்

கேள்வி: இந்தியா ஆடும் ஒருநாள் மேட்ச், பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் தூர்தர்ஷனில் ஓடுகிறது. என் கேபிளில் அதே சேனலைத் திருப்பினால் பழைய கபடி! ஏன் சார்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கேபிள்காரரைத் திட்டாதீர்கள், பாவம். தேச முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த போட்டிகளின் சிக்னலைத் தனியார் சேனல், விளம்பரம் இல்லாமல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தந்தாக வேண்டும். இது 2007 சட்டம். சும்மா இல்லை, விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் தனியாருக்கே. ஆனால் அதைத் தூர்தர்ஷன் தன் ஆன்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிளுக்குக் கிடையாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நானும் மொட்டைமாடியில் டிஷ் வைத்திருக்கிறேன். கடைசி ஓவரில் காக்கா வந்து உட்கார்ந்தால் படம் கட்டம் கட்டமாகிவிடும். அப்புறம், ஐ.பி.எல். பற்றிக் கேட்காதீர்கள், அது அந்தப் பட்டியலிலேயே இல்லை.