மாலத்தீவு: பவளத்தின்மேல் ஒரு நாடு (கேள்வி பதில்)

கேள்வி: மாலத்தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. அத்தீவுகள் எதன்மேல் நிற்கின்றன?

பதில்: கடலில் அமிழ்ந்துபோன எரிமலைத் தொடரின்மேல் நிற்கின்றன. பூமியின் ஆழத்திலிருந்து எரிகுழம்பு மேலெழும் இடத்தை வெப்பப்புள்ளி என்பர். இன்று இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கு அடியில் உள்ள அதே வெப்பப்புள்ளிதான், இலட்சத்தீவு தொடங்கிச் சாகோசுத் தீவுகள் வரை நீளும் அத்தொடரையும் உருவாக்கியது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பவளம் வெளிச்சத்தை நாடி மேலே வளர்ந்துகொண்டே வந்தது. இறுதியில் நடுவில் காயலும் சுற்றிலும் பவள வளையமுமே மிஞ்சின. இந்த விளக்கத்தை 1842இல் நூலாக வெளியிட்ட டார்வின் மாலத்தீவில் கால் வைத்ததே இல்லை. ஆயினும் அவ்வளையத்தைக் குறிக்க உலகம் வழங்கும் ‘அட்டோல்’ என்ற சொல் மாலத்தீவின் திவேகி மொழி தந்தது.

கேள்வி: மொத்தம் எத்தனை தீவுகள்?

பதில்: ஏறத்தாழ 1,200. மக்கள் வாழ்பவை அவற்றில் 200க்கும் குறைவு. மணல்திட்டுகள் தோன்றுவதும் கரைவதுமாக இருப்பதால், எண்ணிக்கையில் பிடிவாதம் காட்டுவதில் பொருளில்லை.

கேள்வி: சுற்றிலும் உப்புநீர் இருக்க, பழங்காலத்தில் குடிநீர் எப்படிக் கிடைத்தது?

பதில்: மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிட அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணறு தோண்டினாலே அது கிடைத்துவிடும். ஆசைப்பட்டு அளவுக்கு மேல் இறைத்தாலோ கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஒரு தீவில் எத்தனை பேர் வாழலாம் என்பதைப் பெரிதும் முடிவுசெய்தது இந்த வில்லைதான் என்பது என் கருத்து.

கேள்வி: சோழர் மாலத்தீவை வென்றார்களா?

பதில்: முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்று பாடுகிறது. அது மாலத்தீவையே குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். பன்னீராயிரம் என்பதைத் தலை எண்ணிச் சொன்ன கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: இத்தனை சிறிய தீவுகளைத் தேடி வணிகர் ஏன் வந்தனர்?

பதில்: முதன்மையாகச் சோழிக்காக. தென்னை மட்டைகளைக் காயலில் மிதக்கவிட்டு, அவற்றில் ஏறி ஒட்டிக்கொள்ளும் சோழிகளைக் கரையேற்றுவார்கள் என அரபு எழுத்தாளர்கள் குறித்துள்ளனர். 1343இல் வந்து இங்கே காசியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, சோழியைக் கடற்கரைக் குழிகளில் இட்டுச் சதை அழுகி வெண்ணிற ஓடு மட்டும் எஞ்சும்வரை விட்டுவைப்பர் என்கிறார். ஒரு பொன் தீனாருக்கு 4,00,000 சோழி என்பது அவர் தரும் விலை. வங்காளத்தார் அதையே நாணயமாக வழங்கியதால், சோழி அங்கே போக, அரிசி இங்கே வந்தது. நெல் விளையாத மண்ணில் உலைக்கு அரிசி தந்தது, காயலில் பொறுக்கிய ஓடு! பின்னாளில் ஐரோப்பியர் இதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்று அடிமை வணிகத்தில் விலையாகக் கொடுத்தனர்.

கேள்வி: அந்நியர் ஆட்சி எவ்வளவு காலம் நடந்தது?

பதில்: போர்த்துக்கீசர் 1558 முதல் 1573 வரை ஆண்டனர்; முகம்மது தக்குருபானு அவர்களை விரட்டினார். 1887இல் நாடு பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் சென்றாலும் சுல்தானே உள்நாட்டை ஆண்டார். முழு விடுதலை 1965இல் கிடைத்தது.

கேள்வி: தென்பகுதி ஒருமுறை தனிநாடாகப் பிரிந்தது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். தென்கோடி அட்டோல்களுக்கும் வடக்கிற்கும் இடையே அகன்ற, ஆழமான கடற்கால்வாய் கிடக்கிறது. தெற்கத்தியர் தலைநகர் மாலேயை நம்பியிராமல் இலங்கையோடு நேரடியாக வணிகம் செய்துவந்தனர். மாலே அதைக் கட்டுப்படுத்தியதும், தென்கோடியில் உள்ள அட்டு அட்டோலின் கான் தீவில் இருந்த பிரித்தானிய விமானத்தளத்து வேலைவாய்ப்பும் சேர்ந்து 1959இல் சுவாதீவு என்ற தனி அரசைத் தோற்றுவித்தன. 1963இல் அது அடங்கியது; அதன் தலைவர் அப்துல்லா அஃபீப் தீதி சேசெல்சு தீவுகளுக்குக் கப்பலேறினார்.