மாலுக்குள் ஒரு பனிக்களம்

ஒரு வாசகி, திண்டுக்கல்: பனியே விழாத பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஐஸ் ஹாக்கி அணி எதற்கு?

எதற்கா? தங்கம் வாங்கத்தான்! 2017-இல் கோலாலம்பூரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்ந்த அந்த வருடமே, தாய்லாந்தைத் தோற்கடித்துத் தங்கத்தைத் தட்டிச் சென்றது பிலிப்பைன்ஸ். சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் அது சேர்ந்ததே 2016-இல்தான்.

மணிலா பக்கம் ஐஸ் களம் என்றால் ஷாப்பிங் மால்தான். வெளியே வேர்த்துக் கொட்டும். உள்ளே தரைக்கடியில் ஓடும் குளிர்க்குழாய்கள் தண்ணீரை உறைய வைக்கும். நான் போனபோது மளிகைப் பையோடு ஒரு பாட்டி, தடுப்புக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றிருந்தார். பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டு 'டங்'கென்று அதில் மோதியது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது, அவர் அசையவே இல்லை!

ஸ்கேட்டிங் ஷூ, மட்டை, தலைக்கவசம், களக் கட்டணம்... சரி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே கட்டுப்படியாகும் ஆட்டம் இது. அதையும் சொல்லிவிட வேண்டும்.