பட்டம் இல்லாமல் தடயவியல் வேலை: வாசகர் கேள்வி, துறையினர் பதில்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வீட்டு நிலைமையால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. தடயவியலில் எனக்கு இடம் உண்டா, அல்லது இந்த ஆசையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டி.என்.ஏ. ஆய்வு, நச்சுப்பொருள் ஆய்வு, போதைப்பொருள் பகுப்பாய்வு போன்றவற்றில் முடிவெழுதிக் கையெழுத்திட அறிவியல் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வகுத்த தர விதிகள், டி.என்.ஏ. ஆய்வாளர் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று பாடங்களின் பெயரைச் சொல்லியே கேட்கின்றன. பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். இங்கே குறுக்கு வழி கிடையாது, இருக்கவும் கூடாது. ஒருவர் சிறைக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அந்த அறிக்கையைப் பொறுத்தது.

ஆனால் ஒரு பொருள் ஆய்வக மேசைக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் அதைத் தொடுகின்றன. சம்பவ இடத்தைப் படமெடுப்பவர், தடயத்தைச் சேகரித்துப் பொதிபவர், கைரேகைப் பதிவு எடுப்பவர், சான்றுப்பொருள் அறையைக் காப்பவர், பிணவறை உதவியாளர், ஆய்வகத்துக்கு வரும் பொருள்களைப் பெற்றுப் பதிவுசெய்பவர் என்று ஒரு வரிசையே உண்டு. பல இடங்களில் இவற்றுக்குப் பள்ளிப் படிப்பும் துறைக்குள் தரும் பயிற்சியும் போதும். அமெரிக்காவில் மரண விசாரணையாளருக்கான அடிப்படைச் சான்றிதழுக்குக்கூட 18 வயதும் பள்ளி இறுதித் தேர்ச்சியும்தான் கல்வித் தகுதி. ஆனால் அந்தப் பணியில் இருந்துகொண்டு 640 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். தேர்வும் எழுத வேண்டும்.

சில நாடுகளில் இந்த வேலைகள் காவல்துறைக்குள் இருப்பவர்களுக்கே கிடைக்கும். அங்கே முதலில் காவலராகச் சேர்ந்து, பிறகு கைரேகைப் பிரிவுக்கோ புகைப்படப் பிரிவுக்கோ மாறுதல் கேட்பதுதான் வழி. இன்னொன்று: விளம்பரங்களில் ‘தடயவியல்’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். சான்றுப்பொருள் எழுத்தர், கைரேகைப் பதிவாளர், பிணவறை உதவியாளர், ஆய்வக உதவியாளர், சொத்து அறைக் காப்பாளர் என்ற பெயர்களில்தான் பல வேலைகள் வெளியாகின்றன.

கேள்வி: கைரேகைப் பிரிவில் சேர விரும்புகிறேன். வீட்டிலேயே எதைப் பயிற்சி செய்யலாம்?

பதில்: பவுடரும் தூரிகையும் வாங்குவதற்கு முன்னால், விரலில் மை தடவிக் காகிதத்தில் உருட்டிப் பதிவெடுக்கப் பழகுங்கள். புதியவரிடம் முதலில் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அதுதான். விரலை ஒரு நகவோரத்திலிருந்து மறு நகவோரம்வரை ஒரே உருட்டில் உருட்ட வேண்டும். கட்டைவிரல்களை உடலை நோக்கியும் மற்ற விரல்களை உடலிலிருந்து வெளிப்புறமாகவும் உருட்டுங்கள். அப்போது கை முறுக்கிலிருந்து தளர்ந்த நிலைக்கு வரும், ரேகை இழுபடாது. ஒரே இடத்தில் இரண்டு முறை உருட்டினால் ரேகை மேல் ரேகை விழுந்து பதிவு பாழாகும். மை மிகுந்தால் ரேகைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் அடைபடும். வியர்த்த விரலில் மை ஒட்டாது, ஆகவே துடைத்து உலர்த்திவிட்டு எடுங்கள். பலர் விரலின் நடுப்பகுதியை மட்டும் அழுத்திவிடுகிறார்கள். வளையம், சுழி போன்ற வடிவங்களை வகைப்படுத்த மையப்புள்ளியோடு ஓரத்திலுள்ள முக்கோணச் சந்திப்பும் தேவை. அது விடுபட்ட பதிவை வகைப்படுத்த முடியாது.

பத்து விரல் பதிவு பழகியபின் மறைரேகைக்கு, அதாவது தொட்ட பொருளில் கண்ணுக்கு எளிதில் தெரியாமல் படியும் ரேகைக்கு, வாருங்கள். கண்ணாடியிலும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் பவுடரைத் தொட்டும் தொடாமலும் தடவி, ரேகை தெரிந்ததும் அது ஓடும் திசையிலேயே தூரிகையை நகர்த்துங்கள். புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் அழுத்தத்தாலும் அதிகப் பவுடராலும்தான். காந்தப் பவுடர் இரும்புத் துகள் கலந்தது என்பதால் இரும்புப் பரப்பில் அது வேலைக்கு ஆகாது. காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள். வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். காகிதம் ஒருமுறை நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும், நின்ஹைட்ரின் எதையும் காட்டாது. இந்தக் காரணங்களைத் தெரிந்து வைத்திருப்பவரை நேர்காணலில் உடனே அடையாளம் காண முடியும். ஆனால் நின்ஹைட்ரினையும், ரேகையில் படிந்து அதைக் காட்டும் சூப்பர் குளூ பசைப் புகையையும் வீட்டில் முயல வேண்டாம். புகைக்கூண்டும் காற்றுப்போக்கியும் உள்ள இடத்தில் செய்ய வேண்டியவை அவை.

ஒப்பிடும் வேலைக்குப் பல ஆண்டுக் கண்பயிற்சி வேண்டும். ஆய்வு, ஒப்பீடு, மதிப்பீடு, இன்னொருவரின் சரிபார்ப்பு என்பது முறை. 16 புள்ளிகள் ஒத்துப்போக வேண்டும் என்றிருந்த விதியை இங்கிலாந்து 2001இல் கைவிட்டது, எண்ணிக்கையைவிட ரேகையின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்பதால். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அறிவித்தார்கள். ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை வேறொருவருடையது என்று காட்டியது. முதல் ஒற்றுமையைக் கண்டபின், சந்தேக நபரின் ரேகையைப் பார்த்துவிட்டு மங்கலான ரேகையில் அதையே தேடியது அந்தத் தவறுக்கு ஒரு காரணம். ஆகவே கிடைத்த ரேகையிலுள்ள அடையாளங்களை முதலில் தனியாகக் குறித்து முடியுங்கள். பிறகே ஒப்பிட வேண்டிய ரேகையைத் திறங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஸ்டூடியோவில் படமெடுக்கிறேன். சம்பவ இடப் புகைப்படக்காரராக முடியுமா?

பதில்: முடியும், பட்டமில்லாதவர்களில் நல்ல வாய்ப்புள்ளவர் நீங்கள். ஆனால் அழகுக்காகப் பழகிய சில வழக்கங்களை மறக்க வேண்டும்.

வரிசை இது: அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் முழுக்காட்சி. பிறகு பொருள் எதன் அருகே கிடக்கிறது என்று காட்டும் நடுத்தூரப் படம். கடைசியில் நெருக்கப் படம், முதலில் அளவுகோல் இல்லாமல், அடுத்து அளவுகோலோடு. அளவுகோல் இல்லாத படம் எதற்கு என்றால், அளவுகோலை வைத்து நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று காட்டத்தான். கேமரா பரப்புக்குச் செங்குத்தாக முக்காலியில் நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் அளவு பொய்யாகும். மண்ணில் பதிந்த காலடிக்கு அளவுகோலை மேல்மட்டத்தில் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. பதிவின் அடிமட்டத்துக்கு இணையாக, பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தரையோடு ஒட்டிய கோணத்தில் குறைந்தது மூன்று திசைகளிலிருந்து ஒளி விழச் செய்து தனித்தனிப் படம் எடுங்கள். ஒரு திசையில் தெரியாத பள்ளம் இன்னொன்றில் தெரியும்.

மங்கலாக விழுந்த படத்தை அழிக்காதீர்கள். கோப்பு எண் வரிசையில் ஓர் எண் விடுபட்டிருந்தால், அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ‘ரா’ வடிவ மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, திருத்தங்களை நகலில் மட்டும் செய்து, என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். விண்ணப்பத்தோடு காட்ட, உங்கள் வீட்டு அறை ஒன்றை இந்த வரிசையில் எடுத்து, படப் பட்டியலோடு ஒரு தொகுப்பு தயாரியுங்கள். அழகான உருவப் படங்களைவிட அதுவே பேசும்.

படத்துக்குப் பிறகு அதே காலடியை வார்ப்பு எடுக்கவும் பழகலாம். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் என்ற ஜிப்சம் பொடி சுமார் 900 கிராமுக்கு 300 முதல் 350 மில்லி தண்ணீர். கரண்டியிலிருந்து பட்டையாக வழியும் பதம் வர வேண்டும். நேராகப் பதிவின் மேல் ஊற்றினால் விழும் வேகத்தில் நுணுக்கம் சிதையும். ஓரத்தில் ஊற்றி உள்ளே ஓட விடுங்கள். தூக்க அரை மணி நேரமாவது ஆகும். மண்ணைக் கழுவ 48 மணி நேரம் உலர விடுங்கள். அவசரப்பட்டுக் கழுவினால் மண்ணோடு அடையாளமும் போகும்.

கேள்வி: கிடங்கு ஒன்றில் சரக்குப் பதிவேடு எழுதுகிறேன். சான்றுப்பொருள் அறை வேலைக்கு இந்த அனுபவம் செல்லுமா?

பதில்: நன்றாகச் செல்லும். யார், எப்போது, யாரிடமிருந்து வாங்கி, எதற்காக யாரிடம் கொடுத்தார் என்ற தொடர் ஓரிடத்தில் அறுந்தாலும் நீதிமன்றம் அந்தப் பொருளைச் சந்தேகிக்கும். கூடுதலாகக் கற்க வேண்டியது பொதியும் முறை. இரத்தம் படிந்த துணியை உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும். தீ வைப்புச் சந்தேகத்தில் எடுத்த கருகல்களுக்கு நேர்மாறான விதி: காகிதம் கூடாது, சாதாரண பாலிதீன் பையும் கூடாது, பெட்ரோல் ஆவி இரண்டிலும் வெளியேறும். காற்றுப் புகாத புதிய தகரப் பெட்டியில், மேலே கால்பங்கு வெற்றிடம் விட்டு அடைக்க வேண்டும். ஆய்வகம் அந்த வெற்றிடத்தில் சேரும் ஆவியைத்தான் சோதிக்கும். முத்திரை நாடாவின் மேல் குறுக்காக, நாடாவிலும் உறையிலும் விழும்படி கையெழுத்தும் தேதியும் போடுங்கள். சான்றாக வரும் பணத்தை இருவர் எண்ண வேண்டும்.

கையுறையை ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுங்கள். ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்து, ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடினார்கள். அது தடயம் சேகரிக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிந்த தொழிலாளி ஒருவருடையது என்று 2009இல் தெரிந்தது. கிருமி நீக்கினால் டி.என்.ஏ. நீங்கிவிடாது. பிறகு 2016இல், தடயம் சேகரிக்கும் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தடுக்க, ஐ.எஸ்.ஓ. 18385 என்று ஒரு பன்னாட்டுத் தரநிலையே வந்தது.

கேள்வி: பிணவறை உதவியாளர் வேலை தடயவியலில் சேருமா? தாங்க முடியுமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: சேரும். உடலைப் பெறும்போது அடையாளச் சீட்டை ஆவணத்தோடு ஒப்பிடுவது, உறுப்புகளை எடைபோடுவது, திசுவை அதன் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போடுவது, தையல், துப்புரவு எல்லாம் உதவியாளர் கையில். குப்பியின் மூடியில் பெயர் எழுதாதீர்கள், மூடி மாறும். குப்பியின் உடலில் எழுதுங்கள். சேர்வதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. எலும்பு அறுக்கும்போது எழும் தூசியில் காசநோய்க் கிருமி இருக்கலாம். என் 95 முகக்கவசம் தருகிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பயத்தைப் பொறுத்தவரை, பலருக்கு வாடை சில வாரங்களில் பழகிவிடும். குழந்தைகளின் உடல்தான் பழகாது. அது உங்கள் பலவீனம் அல்ல. பேசிக்கொள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினி, செல்போன் பழுதுபார்க்கிறேன். கணினித் தடயவியலுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் பழுது நீக்குபவரின் முதல் உந்துதல், ‘ஆன்’ செய்து பார்ப்பது, இங்கே தடயத்தைக் கெடுக்கும். வன்தட்டில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் தடுக்கும் எழுத்துத் தடுப்பானோடு அதை இணைத்து, கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் பிட்டுக்குப் பிட்டு பிம்பம் எடுத்து, மூலத்துக்கும் பிம்பத்துக்கும் எஸ்.ஹெச்.ஏ. 256 ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எஸ்.டி. என்ற சுழலும் தட்டில்லாத சேமிப்பகத்தில் அழித்த கோப்புகளின் இடத்தை அதன் கட்டுப்படுத்தியே துடைத்துவிடும், மின்சாரம் கொடுத்தாலே போதும். செல்போன் ஆனில் கிடைத்தால் அணைக்காதீர்கள். மறுபடி ஆன் செய்தபின் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போவது பல மடங்கு கடினம். அலை புகாத பையில் போட்டால் போன் சிக்னல் தேடியே பேட்டரியைத் தீர்க்கும், அதனால் பவர் பேங்க்கையும் பைக்குள்ளேயே இணைத்து வையுங்கள். நேரக் குறிப்பு யு.டி.சி. என்ற உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்று எழுதாத அறிக்கை குறுக்கு விசாரணையில் நிற்காது. பழக ‘ஆட்டாப்ஸி’ என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், பயிற்சிக்கான வட்டுப் பிம்பங்களை இலவசமாகவே தருகிறது. வாடிக்கையாளர் தந்த போனில் பழகாதீர்கள்.

கேள்வி: மூன்று மாத இணைய வகுப்பில் ‘தடயவியல் நிபுணர்’ சான்றிதழ் தருகிறார்களாம். சேரலாமா?

பதில்: அந்தப் பெயருக்காகச் சேராதீர்கள். நிபுணரா இல்லையா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம்தான் முடிவு செய்கிறது. 1915இல் தொடங்கிய பன்னாட்டு அடையாளச் சங்கம் போன்ற அமைப்புகள் தரும் சான்றிதழ்கள் பணி அனுபவத்தையும் தேர்வையும் கேட்கின்றன. ஆகவே அவை வேலையில் சேர்ந்தபின் வாங்க வேண்டியவை. பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: கையால் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம், கற்பிப்பவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரா, இந்தச் சான்றை ஏற்று யாரையாவது வேலைக்கு எடுத்த துறை எது. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை ஒரு முக்காலிக்கும் டென்டல் ஸ்டோனுக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: பட்டம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

பதில்: உண்மையை எழுதுங்கள். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று பொய்யாக நிரப்பினால் பின்னணிச் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். அதோடு இந்தத் துறைக் கதவு மூடும், ஏனென்றால் பொய் சொன்னவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எந்தத் துறையும் துணியாது. கல்விக்குக் கீழே, செய்து பார்த்த பயிற்சிகளைத் தேதியோடு எழுதுங்கள்: எத்தனை பத்து விரல் பதிவுகள், எத்தனை வார்ப்புகள், எவை கெட்டன, ஏன். ஒரு மாதிரி அறிக்கையை இணையுங்கள். அதில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘இரத்தம்’ என்று எழுதாமல் ‘சிவப்புப் பழுப்புக் கறை, நீளம் 4 செ.மீ., கதவின் அடியிலிருந்து 62 செ.மீ. உயரத்தில்’ என்று எழுதுங்கள். இரத்தமா இல்லையா என்று சொல்வது ஆய்வகத்தின் வேலை.