பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற பழைய புல்லட்டில், இறுகிப்போன கார்புரேட்டர் பாகங்களை உடையாமல் கழற்றுவது எப்படி?

தாத்தா ஓட்டிய 1960களின் புல்லட் 350 நெடுங்காலமாகத் தொழுவத்தில் நின்றிருக்கிறது என்றும், ஆக்சிலேட்டர் கைப்பிடி அசையவில்லை என்றும், இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரில், கைப்பிடியைத் திருகும்போது ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் நிற்கிறது என்றும், பெட்ரோல் பாயும் நுண்துளையுள்ள அடிப்பக்கத்துத் திருகுகளான ஜெட்டுகளும் திரும்ப மறுக்கின்றன என்றும் எழுதி, எதை ஊற்றினால் கழலும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதை ஊற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உள்ளே எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பழைய பெட்ரோலின் பிசின் பிடித்த பாகத்துக்கும், உலோகம் அரித்துப் பூத்துப் பிடித்த பாகத்துக்கும், கார்புரேட்டரின் உடலே வளைந்து நெருக்கிய பாகத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்ததால் உடைந்த கார்புரேட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து புல்லட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஆமல் நிறுவனத்தின் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர். 1950களின் நடுவில் இங்கிலாந்தில் வந்த இந்த அமைப்பில், மிதவை இருக்கும் அறையும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அறையும் ஒரே வார்ப்பில் இருக்கும். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளியிட்ட வண்டிகளிலும் இதே அமைப்புதான் இருந்தது. உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. ஜெட்டுகளும் அவற்றைத் தாங்கும் நட்டுகளும் பித்தளை. துத்தநாக வார்ப்பு இரும்பைப் போல் எளிதில் வளைந்து கொடுக்காது, சட்டென்று அழுத்தினால் விரிசல் விட்டு உடையும். அது ஏறக்குறைய 380 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும். ஆகவே கேஸ் டார்ச்சையும் வெல்டிங் கடைத் தீயையும் இதன் அருகில் கொண்டுவரவே கூடாது; பழைய பெட்ரோல் எந்தத் துளையில் ஒளிந்திருக்கும் என்பதும் தெரியாது.

முதலில் கேபிளை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கைப்பிடிப் பக்கத்தில் கேபிளின் முனையை விடுவித்து, கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட் நட்டுகளையும் கழற்றி, கார்புரேட்டரைக் கேபிளோடு சேர்த்தே வண்டியிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து மிதவையையும் அதன் ஊசியையும் எடுத்துத் தனியே வையுங்கள். நைலான் மிதவையைக் கரைப்பான்களில் ஊறவைக்கக் கூடாது. பித்தளை மிதவைக்குள் பெட்ரோல் கசிந்து புகுந்திருந்தால் அதைச் சூடாக்குவது ஆபத்து. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக, பலாப்பிசின் காய்ந்ததைப் போல மினுங்கும் படலம் தெரிந்தால் அது ஆவியாகிப்போன பெட்ரோலின் எச்சம். வெள்ளையாகச் சுண்ணாம்புத்தூள் போலப் பூத்திருந்தால் ஈரம் துத்தநாகத்தை அரித்திருக்கிறது. பித்தளையைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் மூன்றும் சேர்ந்தே இருக்கும், ஆனாலும் எது மிகுதி என்பது தெரிய வேண்டும். பிசின் கரையும், அரிப்பு கரையாது. எத்தனால் கலந்த பெட்ரோலோடு நிறுத்தப்பட்ட வண்டி என்றால், எத்தனால் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் வெள்ளைப் பூப்பைத்தான் நான் முதலில் எதிர்பார்ப்பேன்.

பிசினுக்கு அசிட்டோனோ கார்புரேட்டர் கிளீனரோ போதும். காற்றோட்டமான இடத்தில், அருகில் எந்தத் தீயும் இல்லாமல், மூடியுள்ள தகர டப்பாவில் உடலை முழுவதும் மூழ்கவைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் அழுக்கைக் கழுவுமே தவிர முற்றிய பிசினை எளிதில் கரைப்பதில்லை. மரைகளில் ஊடுருவுவதற்கு, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து சொட்டுச் சொட்டாக விடும் வழக்கம் உண்டு, அது நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கியே விட வேண்டும்.

அரிப்புக்குப் புளியையோ எலுமிச்சையையோ காடியையோ கழிவறை அமிலத்தையோ பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி பளபளப்பாக்குவது உண்மை. ஆனால் அதே அமிலம் துத்தநாகத்தைக் குமிழிவிட்டுக் கரைக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். ஸ்லைடுக்கும் அதன் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய நுண்ணிய இடைவெளி இப்படிக் கரைந்து பெரிதாகிவிட்டால், பாகம் கழன்று வந்தாலும், ஆக்சிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் வண்டி நிற்காது. ஆகவே அமிலத்தை உடலுக்குக் காட்டாதீர்கள். தனியே கழற்றிய பித்தளை ஜெட்டுகளைப் புளித்தண்ணீரில் சிறிது நேரம் வைத்துக் கழுவுவதில் குற்றமில்லை.

அரிப்புப் பிடிப்பைத் தளர்த்தும் சிறந்த கருவி கொதிநீர். துத்தநாகக் கலவை பித்தளையைவிட அதிகமாக விரியும் என்பதே காரணம். 20 மில்லிமீட்டர் விட்டத்தில், 70 டிகிரி வெப்பம் ஏறும்போது, உடல் பித்தளையைவிட ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு கூடுதலாக விரிகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தெரிந்தாலும், பூத்த உப்பின் பிடியைப் பிளப்பதற்கு அது போதும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், வார்ப்பு கெடுமோ என்ற அச்சமும் இல்லை. கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகு, சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்ற ஒரு பழைய பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிடுங்கள், வெளியே எடுத்து ஆறவிடுங்கள், ஊடுருவும் எண்ணெயை விடுங்கள், மறுபடி கொதிக்கவிடுங்கள். சூடும் குளிரும் மாறிமாறிப் படும்போது பிடிப்பு சிறிது சிறிதாக நொறுங்குகிறது, ஒவ்வொரு முறை ஆறும்போதும் எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த வேலையில் பொறுமைக்கு ஈடான கருவி வேறில்லை.

ஸ்லைடின் கதை சற்று வேறு, ஏனென்றால் ஸ்லைடும் உடலும் ஒரே உலோகம். இரண்டும் ஒன்றாகச் சூடானால் இடைவெளியில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது. எனவே உடலின் வெளிப்புறத்தில் மட்டும் கொதிநீரை ஊற்றி, வெப்பம் உள்ளே போய்ச் சேருவதற்குள் தட்ட வேண்டும். மேல்மூடியின் வளையத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கை மேலே அமுக்கிப் பிடித்துக் கேபிளையும், ஸ்லைடிலிருந்து தொங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பையும் விடுவிக்க முடிந்தால் விடுவித்துவிடுங்கள். ஸ்லைடு பாதி திறந்த நிலையில் நின்றிருந்தால், முதலில் மரக்குச்சியால் மெதுவாகக் கீழ்நோக்கித் தட்டி ஒரு நூலளவு நகர்த்துங்கள். ஒரு திசையில் நகர்ந்த ஸ்லைடு மறுதிசையிலும் நகரும். எண்ணெய் விட்டு மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். முழுவதும் மூடிய நிலையில் இறுகியிருந்தால், அடியிலுள்ள பெரிய நட்டையும் மெயின் ஜெட் தாங்கியையும் ஸ்லைடுக்கு அடியில் உள்ள ஜெட் பிளாக் என்ற வார்ப்புத் துண்டைப் பக்கவாட்டில் நிறுத்தியிருக்கும் திருகையும் கழற்றிய பின், கீழிருந்து ஜெட் பிளாக்கை மேல்நோக்கி மரத்துண்டால் தள்ளலாம். அது மேலே வரும்போது ஸ்லைடையும் தன் தலைமேல் ஏந்திக்கொண்டு வரும். அந்தப் பக்கவாட்டுத் திருகை எடுக்காமல் தட்டினால் பிளாக் உடைவது உறுதி. இரும்புக் கம்பியாலும் திருப்புளியின் முனையாலும் தட்ட வேண்டாம். ஸ்லைடின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அது என்றைக்கும் சிக்கிக்கொண்டே இருக்கும்.

ஜெட்டுகளுக்கு வருவோம். ஜெட்டின் தலையிலுள்ள வெட்டை முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் நிறைக்கும் திருப்புளி உங்களிடம் இல்லாவிட்டால், ஒன்றைச் சாணை பிடித்துச் செய்துகொள்ளுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். பிடிப்பு அந்த எதிர்பாராத திசையில்தான் முதலில் விடும். பித்தளை நட்டுகளுக்கு இங்கிலீஷ் அளவு ஸ்பேனர்தான் பொருந்தும், மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மாட்டினால் முனைகள் மழுங்கிவிடும். அடைத்த துளைகளில் இரும்புக் கம்பி விடக்கூடாது. மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றும், கம்ப்ரஸர் காற்றும் போதும். ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சிறிய பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, அதிலிருந்து ஸ்லைடின் அடிக்குச் செல்லும் சிறு பாதையை மறந்துவிடுபவர்கள் பலர். அங்கே கிளீனரைப் பீய்ச்சினால் துவாரத்தின் மறுமுனையில் சீராக வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எல்லாம் கழன்று சுத்தமான பிறகும் ஸ்லைடு ஓரிடத்தில் இறுகினால், இன்ஜினோடு பொருந்தும் தட்டையான முகமான ஃபிளாஞ்சைச் சந்தேகியுங்கள். காற்று கசிகிறது என்று இரண்டு நட்டுகளையும் யாரோ ஒருவர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார், அந்த இழுப்பில் ஃபிளாஞ்சு வில்லாக வளைந்து, வட்டமான குழி நீள்வட்டமாகியிருக்கும். எஃகு அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். கண்ணாடிப் பலகைமேல் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்து முகத்தைச் சமமாக்கலாம். ஆனால் குழியின் நெருக்கம் அதனால் மட்டும் தீராது, ஸ்லைடில் பளபளக்கும் உயர்ந்த இடங்களை மிக நுண்ணிய தாளால், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வண்டியில் பொருத்தி நட்டுகளை இறுக்கிய பிறகு, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிக் கையை விடுங்கள். ஸ்லைடு தானாக விழுந்து டக்கென்று ஒலிக்க வேண்டும், ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பியபோதும் அப்படியே ஒலிக்க வேண்டும். அந்த ஒலி கேட்காதவரை கிக்கரை மிதிக்காதீர்கள். திறந்த நிலையில் சிக்கிய ஸ்லைடோடு இன்ஜின் பிடித்துக்கொண்டால் வேகம் தறிகெட்டு ஏறும்.

பாகங்கள் ஆழமாகக் குழிவிழுந்து அரித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஆமல் உதிரிகளை இங்கிலாந்தின் பர்லன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது, சென்னைப் புதுப்பேட்டையில் பழையவற்றில் நல்லதைத் தேடி எடுக்கலாம். எதை வாங்கப் போனாலும் பழைய பாகங்களில் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். மெயின் ஜெட்டின் எண் நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பாயும் என்பதையும், நீடில் இறங்கும் நீடில் ஜெட்டின் 106 என்பது துளை அங்குலத்தில் ஆயிரத்தில் 106 பங்கு என்பதையும், ஸ்லைடின் எண்ணில் கடைசியில் வரும் 3 அல்லது 3½ என்பது அதன் அடி விளிம்பில் காற்றுக்காக விட்டிருக்கும் வெட்டு ஒரு அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு உயரம் என்பதையும் சொல்கின்றன.