பெயர் சொல்லாததை எண் சொல்லும்

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் மூட்லி. என் கொள்ளுத்தாத்தா 1890-களில் சென்னையில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். நாங்கள் தொண்டைமண்டல முதலியார் வம்சம் என்றும், பெயரை வைத்தே பூர்விகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். பணம் கட்டலாமா?
– வாசகி, டர்பன்

பதில்: ஒரு காசு கூடக் கட்டாதீர்கள். முதலி என்ற பட்டம்தான் உங்கள் ஊரில் மூட்லி ஆயிற்று. கவுண்டர், கோவெண்டர் ஆனதும் அப்படித்தான். வேளாளர், செங்குந்தர், அகமுடையார் எனப் பல சமூகத்தார் போட்டுக்கொண்ட பட்டம் அது. அதை வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தை எப்படிப் பிடிப்பது? தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டு வாழ்ந்த நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. குமாஸ்தா காதில் விழுந்ததுதான் அங்கே பரம்பரைப் பெயராக உறைந்துபோனது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் எண் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை போன 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான். ஆனால் இன்று வழி காட்டுவதும் அதுவே. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழையோ திருமணச் சான்றிதழையோ தேடி எடுங்கள். பெற்றோரின் எண்ணை அதில் குறித்திருக்கக்கூடும். எண் கிடைத்ததும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போய்க் கப்பல் பட்டியலைப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். உடலில் இருந்த தழும்பையும் மச்சத்தையும்கூட எழுதி வைத்திருப்பார்கள். புகைப்படமே இல்லாத ஒரு மனிதரின் முகத்துக்கு மிக அருகில் நிற்கப்போகிறீர்கள்.

சாதிக் கட்டத்தில் வேறு பெயர் இருந்தால் மறைத்துவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கடல் தாண்டிக் கரும்பு வெட்டியவர் அவர். அவரைத் தேடிப் போய்விட்டு, பாதி வழியில் கைவிடலாமா?

கிராமத்தின் பெயரைக் கண்ணால் படித்தால் குழம்புவீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். வாண்டிவாஷ் என்று எழுதியிருப்பது நம் வந்தவாசி. ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூரோடு நின்றுவிடாதீர்கள். போளூரும் வந்தவாசியும் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன, சித்தூர் ஆந்திராவில். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் இன்றே குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தால், எது உங்களுடையது என்று தேட அது உதவும்.

அந்த வரி கிடைத்ததும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஊர் எங்கே என்று இங்கே நாங்கள் விசாரிக்கிறோம்.